செவ்வாய்க்கிழமைப் பாதாம்

கடையில் அவளை எல்லோரும் பாதாம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அது மூன்று மாடிப் பலசரக்குக் கடை. நகரும் படிக்கட்டில் ஏறி மேலே வந்ததும் எதிரே தெரிகிற மேசைதான் அவள் இடம். மேசைமேல் ஒரு தட்டு நிறையப் பாதாம் பருப்பு, பக்கத்தில் சின்னத் தராசு, பின்னால் பாக்கெட்டுகள் அடுக்கிய அலமாரி. போகிற வருகிறவர்களை மடக்கி நிறுத்தி, பாதாமின் அருமை பெருமைகளை எடுத்துச் சொல்லி, தள்ளுவண்டியில் ஒரு பாக்கெட்டை விழ வைக்க வேண்டும். பதினோரு வருஷமாக அதுதான் அவள் பிழைப்பு. உட்கார நாற்காலி கிடையாது. நின்றபடி பேசினால்தான் சரக்கு போகும் என்று யாரோ எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டார்கள்.

அந்த வேலையில் ஒரு விதி உண்டு. வாயைத் திறந்து பேசுவதற்கு முன்னால், வாங்க வந்தவர் பார்க்க, தான் ஒரு பருப்பைப் போட்டு மென்று காட்ட வேண்டும். விற்கிறவளே தின்னாததை வாங்குகிறவர் ஏன் தின்னப் போகிறார் என்பது அதன் நியாயம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேர் நின்றால் முப்பது நாற்பது பருப்பு. மாலையில் வீடு திரும்பும்போது தாடை இற்றுப் போயிருக்கும். "அம்மா, நீ தூக்கத்துலயும் மெல்லுற" என்று மகள் கிண்டல் செய்வாள்.

மென்று முடித்ததும் பேச்சு தொடங்கும்.

"இருபத்து மூணு பருப்புங்க, ஒரு கைப்பிடி. தராசுல போட்டா இருபத்தெட்டு கிராம். இதுல ஆறு கிராம் புரதம், மூணரை கிராம் நார்ச்சத்து. ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் ஈ-ல பாதி இதுலயே வந்துடும். மக்னீசியம் இருக்கு, கால்சியம் இருக்கு. கொழுப்புன்னு பயப்படாதீங்க, இதயத்துக்கு ஒத்துக்கிற கொழுப்புதான். கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் இறங்கும். சர்க்கரையைச் சட்டுன்னு ஏத்தாது. பசி தாங்கும். தோலோட சாப்பிடுங்க, சத்து தோல்லயும் இருக்கு. பல்லு சரியில்லன்னா ராத்திரி ஊறப் போடுங்க, மெல்ல சுலபமா இருக்கும்."

ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். தராசில் போட்டுப் பார்க்கவே மாட்டாள். கையை விட்டு அள்ளினால் இருபத்து மூன்றுதான் வரும், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. அதைப் பார்க்கவே சிலர் நிற்பார்கள்.

வேலையில் சேர்ந்தபோது இந்த வரிகளை எல்லாம் ஓர் அட்டையில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு வரி. அதில் அவள் தன் கைச்சரக்காக ஒரு வரியைச் சேர்த்தாள், ஒரு வரியை விட்டாள். சேர்த்தது ஞாபக சக்தி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளின் தாய்மார்கள் "இது சாப்பிட்டா ஞாபகம் நிக்குமா?" என்று கேட்கும்போது இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. விட்டது பன்னிரண்டாவது வரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடவும் என்று அதில் இருந்தது. முதல் மாதம் அதையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் ஒரு பெரியவர் அந்த வரியைக் கேட்டதும், எடுத்த பாக்கெட்டை ஏதோ பூச்சி பட்டதுபோல் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளும் ஒருவர் அப்படியே செய்தார். மூன்றாம் நாளிலிருந்து அவள் பதினொன்றோடு நிறுத்திக்கொண்டாள். யாரும் விடச் சொல்லவில்லை, யாரும் கண்டுகொள்ளவுமில்லை. பாக்கெட்டின் பின்னால்தான் அச்சாகியிருக்கிறதே, வேண்டியவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு அப்படி ஒரு வரி இருந்ததே அவளுக்கு மறந்துபோனது. ஞாபக சக்திக்கு இத்தனை பருப்பு தின்றும் இதுதான் லட்சணம்.

அவளுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன். பதினைந்து வயது மூத்தவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபிறகு அவளைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். ஊரெல்லாம் லிஃப்டைப் பழுது பார்த்தவர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத பழைய கட்டடத்தில், மூன்றாவது மாடியில். "படி ஏறினா முழங்கால் ஓடும், லிஃப்ட் ஏறினா லிஃப்ட் மட்டும்தான் ஓடும்" என்று சொல்லிச் சிரிப்பார். அண்ணி இருந்தவரைக்கும் அந்த வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. பாதாம்மா போனால் மதியம் போய் இருட்டித்தான் வருவாள். அண்ணியும் அவளும் அடுக்களையில் ஊர்க்கதை பேச, அண்ணன் முன்னறையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இல்லை.

அண்ணி இறந்து மூன்று வருஷமாகிறது. அதன்பிறகுதான் ஒன்று தெரிந்தது. அண்ணனோடு அவளுக்குப் பேச எதுவுமே இல்லை. இத்தனை காலமும் நடுவில் அண்ணி இருந்து இரண்டு பேரையும் பேச வைத்திருக்கிறாள். இப்போது போனால், "சாப்பிட்டீங்களா?" என்பாள். "ஆச்சும்மா" என்பார். "மாப்பிள்ளை சௌக்கியமா?" என்பார். "இருக்கார், முதுகு வலிதான்" என்பாள். அவ்வளவுதான், சரக்கு தீர்ந்துபோகும். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்போதுதான் பாதாம் கைகொடுத்தது. தட்டில் கொட்டுவதற்காகப் பிரித்த பாக்கெட்டுகளில் மிஞ்சுவதை வாரக் கடைசியில் அவள் எடுத்துக்கொண்டு போகலாம் என்று கடையில் அனுமதி இருந்தது. செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. செவ்வாய் தோறும் அரைக் கிலோ பாதாமை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போவாள். அலமாரியில் ஒரு நீல டப்பா இருக்கும். அதில் கொட்டி மூடிவிட்டு, "தினம் ஒரு கைப்பிடி அண்ணே. இருபது, இருபத்து மூணு. மறக்காதீங்க" என்பாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி கிளம்பிவிடுவாள். பத்து நிமிஷம் தாண்டாது. செருப்பைக்கூட முழுசாகக் கழற்றமாட்டாள். அவள் கெட்டவள் என்று சொல்ல வரவில்லை. ஆறு நாள் நின்ற கால், துவைக்கக் குவிந்த துணி, முதுகைப் பிடித்துக்கொண்டு புருஷன், மகளுடைய படிப்பு என்று தலைக்குமேல் வேலை அவளுக்கு. ஆனால் அண்ணனைப் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதி ஒரு டப்பா பாதாமில் கிடைத்தபோது, அதற்குமேல் எதுவும் கொடுக்கத் தோன்றாமல் போனது அவள் தவறுதான்.

ஆரம்பத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை டப்பாவைத் திறந்து பார்த்தால், பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

"என்னண்ணே, போன வாரத்தது இன்னும் இருக்கே."

"சாப்பிடுறேம்மா. நீ சொன்ன மாதிரி எண்ணித்தான் சாப்பிடுறேன்."

"அப்ப அடுத்த வாரம் வேண்டாம். காலியானதும் கொண்டு வர்றேன்."

இரண்டு வாரம் கழித்துத்தான் போனாள். அதன்பிறகு அந்தத் தொந்தரவே இல்லை. ஒவ்வொரு செவ்வாயும் டப்பா துடைத்து வைத்ததுபோல் காலியாக இருந்தது. அண்ணன் சொல் பேச்சுக் கேட்கிறார் என்று அவளுக்குப் பெருமை. கடையில்கூட, "எங்க அண்ணன் எழுபது வயசுக்கு மூணு மாடி ஏறுறார், எல்லாம் இதனாலதான்" என்று தன் பேச்சில் அவரையும் சேர்த்துக்கொண்டாள். அதைக் கேட்டுப் பாக்கெட் எடுத்தவர்கள் நிறைய.

கடைசி ஒரு வருஷமாக அண்ணன் மூன்று மாடியை அவ்வளவு சுலபமாக ஏறவில்லை. இரண்டாவது மாடி வளைவில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறினார். பாதம் வீங்கிச் செருப்பின் வார் பதிந்திருந்தது. முகமும் காலையில் ஊதினாற்போல இருந்தது. அவள் கவனிக்காமல் இல்லை.

"என்னண்ணே, சோர்வா இருக்கீங்க?"

"வயசாகுதில்லம்மா."

"ஊறப் போட்டு சாப்பிடுங்க. நல்லா செரிக்கும்."

"சரிம்மா."

டாக்டரிடம் போனீர்களா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கிற அளவுக்கு அவள் நிற்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு தம்பதியை நிறுத்தி வைத்து கெட்ட கொலஸ்ட்ராலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அண்ணனின் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பேசினார். அண்ணன் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் சாய்ந்துவிட்டார் என்றும், ஆம்புலன்ஸில் ஏற்றியாயிற்று என்றும் சொன்னார். வாயில் மென்ற பருப்போடு அப்படியே படியிறங்கி ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு நினைவு இருந்தது. ஆனால் கை கால்களைத் தூக்க முடியவில்லை. நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தன. டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகத்தான் பேசினார்.

"ரெண்டு கிட்னியும் ரொம்ப மோசமாயிடுச்சுங்க. கிட்னி நல்லா இருந்தா உடம்புல சேர்ற பொட்டாசியத்தை வெளியே தள்ளிடும். இவருக்குத் தள்ள முடியல, ரத்தத்துலயே தங்கிடுச்சு. அதான் இதயத் துடிப்பு தடுமாறுது. இனிமே டயாலிசிஸ் இல்லாம முடியாது."

"கிட்னியா? அவருக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதே."

"இதே ஆஸ்பத்திரியிலதான் ஒரு வருஷமாப் பார்த்துட்டு இருக்கார். ஃபைல் இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லவே அவளுக்குக் கூசியது.

சற்று நேரத்தில் உணவு ஆலோசகர் ஒருவர் ஒரு தாளோடு வந்து உட்கார்ந்து, அவர் தினமும் என்னென்ன சாப்பிடுவார் என்று கேட்டார். அது ஒன்றும் அவளுக்கு அத்துப்படி இல்லை. தெரிந்ததைச் சொன்னாள். ரொட்டி, பால், கொஞ்சம் காய், பழம். கடைசியாகப் பாதாம் என்றாள்.

"பாதாமா? தினமுமா? எவ்வளவு?"

"ஒரு கைப்பிடிதாங்க. இருபது."

"நிச்சயமா இருபதுதானா? வாரத்துக்கு எவ்வளவு வாங்குவீங்க?"

"வாரம் அரைக் கிலோ. டப்பா காலியாயிடும்."

அவர் எழுதிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "அப்ப ஒரு நாளைக்கு எழுபது கிராம். கிட்டத்தட்ட அறுபது பருப்பு வருதே."

பாதாம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையை விட்டால் இருபத்து மூன்று அள்ளுகிறவள், இருபத்தெட்டு கிராமைத் தூக்கத்தில்கூட உளறுகிறவள், இரண்டு வருஷமாக வாரா வாரம் ஒரு டப்பாவை நிரப்பியிருக்கிறாள். ஒரு கைப்பிடி வீதம் தின்றால் அந்த டப்பா இரண்டரை வாரம் வரும் என்று ஒருநாளாவது அவளுக்குத் தோன்றவில்லை. அதைவிட மோசமாக, விட்டுப்போன அந்தப் பன்னிரண்டாவது வரி அப்போது எழுத்து எழுத்தாக நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அண்ணனை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

பாதாமால்தான் இப்படி ஆனதா என்று டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டாள். அவர் இல்லை என்று தலையசைத்தார். "பாதாம் நல்ல பொருள்தாங்க. கிட்னி சரியா இருக்கிறவங்களுக்கு ஒரு கைப்பிடி ஒண்ணும் பண்ணாது. இவருக்குக் கிட்னி கெட்டது பல வருஷமா இருந்த பிரஷராலயும் சர்க்கரையாலயும்தான். ஆனா அதுக்கப்புறம் பொட்டாசியம் நிறைஞ்ச கொட்டையை இவ்வளவு சாப்பிட்டிருக்கவே கூடாது. எட்டு மாசத்துக்கு முன்னாடியே நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கோம். அவர் சரின்னு தலையாட்டினார்."

இரண்டு நாள் கழித்து, முதல் டயாலிசிஸ் முடிந்து அண்ணன் கொஞ்சம் தெளிந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"எட்டு மாசத்துக்கு முன்னாடியே நிறுத்தச் சொன்னாங்களாமே."

"சொன்னாங்க."

"பின்னே ஏன் சாப்பிட்டீங்க? அதுவும் ஒரு நாளைக்கு அறுபது. நான் சொன்னது இருபதுதானே."

அவர் போர்வையின் ஓரத்தை மடித்து விட்டுக்கொண்டிருந்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல. வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் ஏன் கொண்டு வரப் போறேன்?"

"அதான் சொல்லல" என்றார் அண்ணன்.

அவளுக்கு விளங்கவில்லை. அவர் மெதுவாக, யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஒரு தடவை டப்பால மிச்சம் இருந்துச்சு. காலியானதும் வர்றேன்னு போயிட்டே. ரெண்டு வாரம் ஆளைக் காணோம். மிச்சம் வச்சா நீ வரமாட்டேன்னு அப்பதான் தெரிஞ்சது. அதுலேருந்து திங்கட்கிழமைக்குள்ள முடிச்சுடுவேன்."

"தூக்கிப் போட்டிருக்கலாமே அண்ணே."

"கை வலிக்கத் தூக்கிட்டு வர்றே. எப்படிப் போட மனசு வரும்?"

"கீழ்வீட்டுக்குக் குடுத்திருக்கலாம்."

"குடுத்துப் பார்த்தேன். அந்தம்மா உன்னைப் படியில பார்த்து பாதாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு நிறுத்திட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "கடைசி நாலஞ்சு மாசமா முழுங்கறதுக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. வாயெல்லாம் ஒரு கசப்பு" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வதைப்போலச் சொன்னார். நீங்கள் நினைப்பதுபோல் இல்லை அண்ணே, சும்மாவும் வந்திருப்பேன் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மென்று முழுங்கிக்கொண்டாள். அவர் காலைப் பிடித்துவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். வெட்கத்தில் காது வரை சுட்டது.

கடைக்குத் திரும்பிப் போன முதல் நாள், பருப்பை வாய்க்குக் கொண்டு போனாள், உள்ளே போகவில்லை. மேற்பார்வையாளரிடம் கேட்டு வேறு இடம் மாற்றிக்கொண்டாள். இப்போது கீழ்த்தளத்தில் பாத்திரம் கழுவும் திரவம் விற்கிறாள். அங்கே எதையும் தின்று காட்ட வேண்டியதில்லை. பேர் மட்டும் மாறவில்லை, இன்றும் பாதாம்மாதான்.

அண்ணன் வீடு திரும்பினார். செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். ஆஸ்பத்திரி வண்டி வந்து அழைத்துப் போய்க் கொண்டுவந்து விட்டது. தையல்காரம்மா கைத்தாங்கலாகப் படியேற்றி விட்டார். பாதாம்மா தன் விடுமுறையைப் புதன்கிழமைக்கு மாற்றிக் கேட்டாள். அதற்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் போனில்தான், சாப்பாடு ஆச்சா, ஆச்சு, இருக்கீங்களா, இருக்கேன்.

முதல் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போனாள். வழியில் கடைத்தெருவில் இரண்டு தடவை நின்றாள். எதையாவது வாங்கிக்கொண்டு போகலாமா என்று கை பரபரத்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டியலை நினைத்துப் பார்த்தாள். ஆப்பிள் கொஞ்சம் சாப்பிடலாம் என்று இருந்தது. வேண்டாம் என்று நடந்தாள். எதுவும் இல்லாமல் போக வேண்டும், சாயங்காலம் வரைக்கும் இருக்க வேண்டும், பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேசாமலாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வீட்டிலிருந்தே தீர்மானித்துக்கொண்டு கிளம்பியிருந்தாள்.

அண்ணன் கதவைத் திறந்தார். இளைத்துப்போயிருந்தார், சட்டை தோளில் தொங்கியது. அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், கை காலியாக இருந்ததைப் பார்த்தார். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை. கதவின் நிலையைப் பிடித்தபடியே நின்றார்.

"வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?"

"எல்லாரும் நல்லா இருக்காங்க அண்ணே."

"மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான் வந்தேன்."

அவர் தலையாட்டினார். வந்து எதிரே உட்கார்ந்தார். அவள் ஜன்னல் கம்பியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் வரை இருந்து சமைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றாள். அதைக் கேட்டதும் அண்ணன் முகம் இன்னும் வெளுத்தது.

"மறைக்காம சொல்லும்மா" என்றார். "டாக்டரு உன்னைக் கூப்பிட்டு எத்தனை நாள்னு சொன்னாங்க?"

சும்மாதான் வந்தேன் என்று அவள் மறுபடியும் மறுபடியும் சொன்னாள். அவர் நம்பவில்லை.